ஆகாசத்துல பறந்த உப்புப் பானை

கணபதிப் பக்கம் இருக்கற அந்த ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில, சனிக்கிழமை பதினோரு மணி டீ வந்தப்ப, சாதிக்கு மட்டும் கிளாஸ வாயில வெக்கவே இல்ல. மறுநா உடுமலைல அவன் அக்கா மகளுக்கு நிக்காஹ். தாய்மாமன் அவன்தான். பட்டறை ஆளுக மொத்தத்துக்கும் வேன் பேசியாச்சு, பிரியாணிக்கு எத்தன பேருன்னு சொல்லியாச்சு. இப்பப் பார்த்தா வேன்ல எல்லாரும் போவாங்க, மாமன் மட்டும் போக முடியாதுங்கற மாதிரி ஆகிப்போச்சு.

எல்லாம் ரெண்டாம் நம்பர் உப்புப் பானையால வந்த வினை. இரும்புச் சாமான உறுதியாக்கறதுக்கு உருகின உப்புல முக்கி எடுப்பாங்க இல்லையா, அந்தப் பானை. எண்ணூத்தம்பது டிகிரியில உப்பு ஆரஞ்சுக் கலர்ல தண்ணியாட்டம் நிக்கும். சாயங்காலம் சுவிட்ச அணைச்சா விடியறதுக்குள்ள பாறையாட்டம் எறுகிரும். அதுக்காக, எறுகறதுக்கு முன்னால நடுவுல ஒரு கூம்பச் செருகி வெக்கோணும். முழங்கை நீளத்துக்கு இரும்பு, ஒரு முனை தடி, ஒரு முனை ஒல்லி. காலைல அதைத் தட்டிப் புடுங்கினா அடிமட்டம் வரைக்கும் ஓட்டை கெடைக்கும். அடியில உருகிப் பெருகற உப்பு அந்த ஓட்டை வழியா மேல வரும். ஓட்டை இல்லாம சுவிட்சப் போட்டீங்கன்னா, மேல இருக்கற ஓடு வெடிச்சு ஆள் மூஞ்சியிலதான் வந்து விழுகும்.

இன்னிக்குக் காலைல வந்து பார்த்தா பானை மொழுமொழுன்னு எறுகிக் கெடக்குது. உள்ள கூம்பு இல்ல. மாட்டற கொக்கியிலயும் இல்ல.

கூம்பச் செருகறது ராக்கியப்பன் சோலி. இருபத்தாறு வருசமா உப்புப் பானையோட குடித்தனம் நடத்தற மனுசன். கடைசியாப் பார்த்துப்போட்டு கதவப் பூட்டறது சாதிக்கோட சோலி. “நான் செருகிப்போட்டுத்தான் போனேன். பூட்டினவன் புடுங்கி எங்கியாச்சும் வீசியிருப்பான்”னு ராக்கியப்பன் சத்தியம் பண்றாரு. சாதிக்கு புடுங்கல. ஆனா நேத்து டெய்லர் கடை மூடறதுக்குள்ள மருமகளோட துணிய வாங்கோணும்னு ஓடின ஓட்டத்துல, பானைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கல. அதைச் சொன்னா அதுவும் தப்புத்தான். அதனால டீ கிளாஸப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தான்.

தீர்ப்புச் சொல்ல வேண்டியது கலாமணி. கெட்டித்தன்மை டெஸ்ட் பண்றதும் அவதான், ஷிப்ட் இன்சார்ஜும் அவதான். சாக்பீஸோட போர்டு பக்கத்துல நின்னா. “இன்னிக்கு எல்லா ஃபர்னஸும் ஓடுது, ஆள் மிச்சமில்ல. திங்கக்கெழம ஏழு மணிக்கு ரெண்டாம் நம்பர் உருகியிருக்கோணும். மறந்தது யாரோ அவங்க நாளைக்கு உக்காந்து உளியால கொத்தி ஓட்டை போடட்டும். டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்கு ஒரு பேரு வேணும்.”

“என்ற பேரு மட்டும் வராது அம்மிணி,”ன்னாரு ராக்கியப்பன், டீயை உறிஞ்சிக்கிட்டே. “ஆகாசத்துலயே மறக்காதவன், கணபதியிலயா மறப்பேன்?”

சரக்கு ஏத்த வந்த டெம்போ டிரைவர் ஆறுச்சாமி அந்த வார்த்தைய அப்படியே புடிச்சுக்கிட்டான். அவனுக்கு ராக்கியப்பனோட பழக்கமில்ல, பாவம். “ஆகாசத்துலங்களா?”

சாதிக்கு நெத்தியில அடிச்சுக்கிட்டான். கத மடையத் தொறந்து விட்டுட்டானே!

“கேட்டுக்க மாப்ள,” ராக்கியப்பன் ஸ்டூல முன்னால இழுத்துப் போட்டாரு. “எண்பத்தாறாம் வருசம். எந்த நாடுன்னு சொல்லப்படாது, கையெழுத்து வாங்கிப்போட்டானுக. அணு சக்தியில ஓடற விமானம் கட்டறானுக. பெட்ரோல் கெடையாது, ஒண்ணும் கெடையாது. மூணு தூக்குப்போசி யுரேனியம் ஊத்தினா வருசம் பூரா பறக்கும். எத்தனையோ விஞ்ஞானிக இருந்தானுக. யுரேனியம் தெரியும், உப்பு தெரியாது. உலகம் பூராத் தேடி, கடைசில கோயமுத்தூருக்கு ஆள் அனுப்பிச்சானுக.”

“யுரேனியத்துல உப்பு எங்கண்ணா வந்துச்சு?”ன்னான் ஆறுச்சாமி.

“அங்கதான் சூட்சுமமே இருக்குது. யுரேனியத்த உப்போட சேத்து உருக்கிப்போடறது. சாப்பாட்டு உப்பில்ல, ஃப்ளோரைடு உப்பு. சோடியமும் ஜிர்கோனியமும் சேந்தது. அது ஒரு கொழம்பு. அந்தக் கொழம்பேதான் அடுப்பு, கொழம்பேதான் வெறகு. பானைக்குள்ள வந்தா சூடாவும், கொழாய்ல சுத்திவந்து அந்தச் சூட்டக் காத்துக்குக் குடுக்கும், காத்து பின்னால பிச்சுக்கிட்டுப் போவும், விமானம் முன்னால போவும். சூடு அதிகமாச்சுன்னா கொழம்பு பெருகும். பெருகிட்டா பானைக்குள்ள சரக்குக் கம்மி. கம்மியானா சூடு தானா எறங்கும். யாரும் ஒண்ணும் பண்ண வேண்டாம், தன்னையத் தானே பார்த்துக்கும்.”

கலாமணி புருவத்தத் தூக்கினா. “இது வரைக்கும் சரியாத்தான் இருக்குது. வடை மடிச்ச பேப்பர்ல படிச்சீங்களாண்ணா?”

“நான் பேப்பர்ல படிக்கல அம்மிணி, பேப்பர்ல என்னையப் பத்தி எழுதக்கூடாதுன்னு தடையே இருக்குது.” அவரு ஆறுச்சாமி பக்கம் திரும்பிக்கிட்டாரு. “மொதநாளே சிக்கல். அந்த உப்பு இருக்குதே, அதுக்கு குரோமியத்து மேல நெம்பப் பிரியம். கொழாய்ல இருக்கற குரோமியத்தக் சொரண்டிச் சொரண்டித் தின்னுது. ஈரம் இருந்தா இன்னும் மோசம். நான் என்ன பண்ணினேன், உப்ப வாணலியில போட்டு ரவை வறுக்கறாப்புல வறுத்து எடுத்தேன். ஈரம் போச்சு, பசி போகல. பார்த்தேன். ஊட்ல சோறு போட்டுக் குடுத்துவிட்ட எவர்சில்வர் தூக்குப்போசி இருந்துச்சு. அதைத் தூக்கிக் கொழம்புக்குள்ள போட்டேன். உப்பு போசியத் தின்னு பசியாறிப்போட்டு, கொழாயத் திரும்பிக்கூடப் பார்க்கல.”

“அப்ப மத்தியானச் சோறு?”ன்னான் சாதிக்கு. கடுப்புலதான் கேட்டான், ஆனாலும் அவனால கேக்காம இருக்க முடியல.

“இலையில சாப்டேன் தம்பி. நாட்டுக்காகப் போசிய இழந்தவன் நான்.”

ஆறுச்சாமி டீ கிளாஸக் கீழ வெச்சுப்போட்டு ரெண்டு கையையும் கட்டிக்கிட்டான்.

“அடுத்தது கதிர்வீச்சு. பைலட்டக் காப்பாத்தோணும்னா பானையச் சுத்தி ஈயச் செவுரு வெக்கோணும். வெச்சானுக. ஏழு பஸ்ஸு எடை! விமானம் ஓடுபாதையில ஓடுது, ஓடுது, அடுத்த ஊர் பஸ் ஸ்டேண்டே வந்துருச்சு, எந்திரிக்க மாட்டேங்குது. விஞ்ஞானிக அழுவறானுக. நான் சொன்னேன், ஏனுங், பானைய எதுக்கு மடியில கட்டிக்கிட்டுத் திரியறீங்க? தள்ளி வெய்யுங்க. மூணு மைல் நீளத்துக்குத் தேர் வடம் திரிச்சு, பைலட்ட முன்னால விட்டு, பானைய மூணு மைல் பின்னால கட்டினோம். ஈயமே வேண்டாம்.”

கலாமணி விடல. “அண்ணா, சூடு பண்றது பானை. தள்ளறதும் பானைதான். அது பின்னால இருக்குது.”

“ஆமா.”

“கயித்துல இழுக்கலாம். கயித்துல எப்புடிங்ணா தள்ளுவீங்க?”

சாதிக்குக்கு உசுரு வந்துச்சு. மாட்டிக்கிட்டாரு மனுசன்!

ராக்கியப்பன் டீயோட கடைசிச் சொட்டையும் குடிச்சாரு. கிளாஸக் கவுத்தாரு. “இதே கேள்வியத்தான் அங்கத்த தலைமை விஞ்ஞானியும் கேட்டாரு அம்மிணி. நான் சிரிச்சேன். நம்மூரு மில்லுல பாவு நூலுக்கு என்ன போடுவாங்க? கஞ்சி! மூணு மைல் வடத்துக்கும் கஞ்சி போட்டு வெய்யில்ல காயவெச்சேன். கடப்பாரையாட்டம் வெறச்சு நின்னுச்சு. அப்பறம் தள்ளு தள்ளுன்னு தள்ளுச்சு.”

“அடங்கொக்கமக்கா!”ன்னான் ஆறுச்சாமி. கலாமணிக்கே வாய்க்கோடியில சிரிப்பு வந்து, போர்டுப் பக்கம் திரும்பிக்கிட்டா. சாதிக்கு மட்டும் தலையில கை வெச்சுக்கிட்டான். இந்த மனுசன் இப்புடியே பேசிப் பேசி எல்லாரையும் மயக்கிப்போட்டு, கடைசில உளிய நம்ம கையில குடுத்துருவாரு. நாளைக்கு அக்கா வாசலப் பார்த்துக்கிட்டே நிப்பா. மாமன் எங்கன்னு சம்பந்தி வீட்ல கேப்பாங்க.

“எந்திரிச்சோம் பாரு, எறங்கவே இல்ல. பதினோரு மாசம். தீந்தாத்தான எறங்கறதுக்கு? சக்கரத்துல குருவி கூடு கட்டி, குஞ்சு பொரிச்சு, அது பறந்தும் போயிருச்சு. நடுவுல பைலட்டுக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. எறக்க முடியாதுன்னுட்டேன், கொழம்பு எறுகிரும். பொண்ணத் தொட்டபெட்டா உச்சியில கொண்டாந்து நிறுத்தச் சொன்னேன். பைலட்டு சன்னல் வழியா எட்டி ஒரு முடிச்சு. பூமிய ஒரு சுத்து. ரெண்டாவது முடிச்சு. இன்னொரு சுத்து. மூணாவது முடிச்சு.”

“முகூர்த்தம் தப்பிருக்குமேங்ணா!”

“மேக்கால பாத்துப் பறந்தா நேரம் பின்னாலதான் மாப்ள போவும். மூணாவது முடிச்சு போடறப்ப முகூர்த்தத்துக்கு இன்னும் பத்து நிமிசம் பாக்கி இருந்துச்சு.”

“அண்ணா,”ன்னா கலாமணி, “டீ முடிஞ்சுது. கூம்புக்கு வாங்க.”

“அங்கதான் வர்றேன்.” ராக்கியப்பன் எந்திரிச்சு நின்னாரு. குரலத் தாழ்த்தினாரு. “இமயமலைக்கு மேல நாப்பதாயிரம் அடி. வெளிய அம்பது டிகிரி குளிரு. பம்பு நின்னுபோச்சு. கொழம்பு கல்லாட்டம் எறுகிப்போச்சு. விமானம் விழுகுது. எல்லாரும் ஹீட்டரப் போடு, ஹீட்டரப் போடுன்னு கத்தறானுக. தொடாதீங்கடா, வெடிச்சுரும்னேன். ஏன்னா நான், பம்பு மொனகறப்பவே, எறுகறதுக்கு முன்னால, கூம்பச் செருகிப்போட்டேன். யாரும் சொல்லல. கை தானாப் போச்சு! விழுந்துக்கிட்டு இருக்கறப்பவே கயித்து மேல மூணு மைலு நடந்துபோயி கூம்பத் தட்டிப் புடுங்கினேன். ஓட்டை கெடச்சுது. சூடு குடுத்தேன். உருகுச்சு. எந்திரிச்சுது. அப்ப நாம பொள்ளாச்சில தென்ன மர உசரத்துல இருக்கறோம். போற போக்குல நாலு எளநியக்கூடப் பறிச்சுப்போட்டேன்.”

அவரு சாதிக்கு பக்கம் விரல நீட்டினாரு. “நாப்பதாயிரம் அடி விழுகறப்ப மறக்காத கை இது. நேத்து மறக்குமா? மருமக கல்யாண நெனப்புல இருந்தவன் மறப்பானா, நான் மறப்பேனா? நீயே சொல்லு அம்மிணி.”

அதுல ஒரு நியாயம் இருக்கற மாதிரியே தெரிஞ்சுது, அதான் கொடுமை. கலாமணி சாக்பீஸத் தூக்கினா. போர்டுல ‘ஞாயிறு’ன்னு எழுதி, பேருக்கு எடம் விட்டுப் புள்ளி புள்ளியா வெச்சா. சாதிக்குக்குக் கண்ணு கலங்கிப்போச்சு.

“ஏனுங்ணா,”ன்னான் ஆறுச்சாமி, ஆசை தாங்காம, “அந்தக் கூம்பு இப்ப எங்கிங்?”

“எங்கியா? அதை விட்டு நான் பிரிஞ்சதே இல்ல மாப்ள. என்ற பையிலயே இருக்குது.”

“நெசமாலுமா? காட்டுங்ணா!”

ராக்கியப்பன் கொஞ்சம்கூடத் தயங்கல. பையில எப்பவும் ஏதாச்சும் ஒரு இரும்புத் துண்டு கெடக்கும்னு அவருக்குத் தெரியும். ஆணியில தொங்கின ரெக்ஸின் பைக்குள்ள கைய விட்டு, சாப்பாட்டுப் போசிய நகத்தி, துழாவினாரு. கனமா ஒண்ணு தட்டுப்பட்டுச்சு. “இமயமலை பார்த்த இரும்பு. நல்லாப் பார்த்துக்க!”ன்னு தலைக்கு மேல தூக்கிப் புடிச்சாரு.

முழங்கை நீளம். ஒரு முனை தடி, ஒரு முனை ஒல்லி. தடி முனையில நம்பர் ரெண்டு, தலைகீழா.

மூணு மாசத்துக்கு முன்னால புதுக் கூம்பு வந்தப்ப, பானை நம்பரப் பஞ்ச் பண்ணினது சாதிக்குத்தான். அவசரத்துல பஞ்சத் திருப்பிப் புடிச்சு அடிச்சுப்போட்டான். “ரெண்டு கூடத் தெரியாத பையன்”னு ராக்கியப்பன் மூணு மாசமா அவனப் போட்டு வறுத்தது பட்டறைக்கே தெரியும்.

ராக்கியப்பன் தன் கைய அண்ணாந்து பார்த்தாரு. மெதுவா எறக்கினாரு. மூஞ்சி பேயறஞ்ச மாதிரி ஆகிப்போச்சு.

“ஏனுங்ணா,”ன்னான் ஆறுச்சாமி, அப்பாவியா, “அந்த நாட்டுலயும் ரெண்ட இப்புடித்தான் எழுதுவாங்களா?”

“நேத்து மழையில…” ராக்கியப்பன் கூம்பத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. “மொபெட்டு ஸ்டேண்டு மண்ணுல எறங்கிப்போச்சு. கொக்கியில இருந்து கூம்ப எடுத்தேன். ஸ்டேண்டத் தட்டி நிமுத்திப்போட்டு வந்து செருகிக்கலாம்னு… வண்டி ஸ்டார்ட் ஆச்சு. அப்புடியே பைக்குள்ள போட்டுக்கிட்டு…” நெசமாலுமே அவரு செருகினதாத்தான் நெனச்சிருந்தாரு. அது அவரு மூஞ்சியப் பார்த்தாலே தெரிஞ்சுது. “அம்மிணி, இருபத்தாறு வருசத்துல இதான் மொதல் தடவ. தம்பி, உன்னையப் போயி சொல்லிப்போட்டேனே.”

சாதிக்குக்கு சந்தோசம் ஒரு பக்கம், அவரப் பார்க்கப் பாவமா இருந்தது இன்னொரு பக்கம். “போச்சாது போங்ணா, பரவால்ல,”ன்னான்.

கலாமணி புள்ளி வெச்ச எடத்துல ‘ராக்கியண்ணன்’னு எழுதினா. கொஞ்சம் யோசிச்சுப்போட்டு, பக்கத்துல சின்னதா ஒரு விமானமும் வரஞ்சா. ஆறுச்சாமி சிரிச்ச சிரிப்புல டெம்போ சாவி கீழ விழுந்துபோச்சு.

எல்லாரும் எந்திரிச்சு அவங்கவங்க சோலிக்குப் போனாங்க. ராக்கியப்பன் கூம்பக் கொக்கியில மாட்டிப்போட்டு, உளியத் தேடி எடுத்து ஓரமா வெச்சாரு. பொறவு சாதிக்கு பக்கத்துல வந்து, யாருக்கும் கேக்காத மாதிரி சொன்னாரு.

“தம்பி, நாளைக்குத் திரும்பி வர்றப்ப, என்ற தூக்குப்போசியத் தர்றேன், அதுல கொஞ்சம் பிரியாணி போட்டுக்கிட்டு வந்துரு.”

சாதிக்கு, தன் பக்கம் ஓடின ஃபேன அவரு பக்கம் திருப்பி வெச்சான்.

“எந்தத் தூக்குப்போசிங்ணா? அதைத்தான் உப்பு தின்னுபோச்சுங்களே.”