ஆயிரம் ஆண்டு வாழப்போகிற ராஜா

முன்னொரு காலத்தில் மருதங்காட்டுச் சீமையைச் சொக்கேந்திரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். தங்கமான மனசுதான், ஆனால் காலையில் ஒன்று சொல்வார், மத்தியானம் அதையே மறுப்பார். அவருக்கு வாய்த்த மந்திரி திருமேனியார். ராஜாவின் கோபம் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஒரு மழைக்காலத்தில் ராஜா கடும் ஜுரத்தில் விழுந்தார். நினைவே இல்லை. முத்திரை மோதிரம் இல்லாமல் தானியக் களஞ்சியத்தைத் திறக்கக்கூடாது என்பது அந்தச் சீமையின் வழக்கம். மோதிரம் எங்கே என்று ராஜா ஒருவருக்குத்தான் தெரியும். சேவகர் வீடுகளில் உலை வைக்க அரிசி இல்லாமல் போயிற்று. போதாக்குறைக்கு, அவையில் மூத்தவரான கொண்டல்ராயர் ராணி பூதலவல்லியிடம் போய், ராஜாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் குழந்தை இளவரசிக்குத் தானே காப்பாளர் என்று எழுதித் தரச் சொன்னார். ராணி ஆடிப்போய்விட்டாள்.

நல்லவேளை, ராஜா பிழைத்தார். மோதிரம் கிளிக்கூண்டின் அடித்தட்டில் இருந்தது. கிளி உட்பட யாருக்கும் அது தெரியாது. ராணி மந்திரியை அழைத்து, "இந்தத் தடவை தப்பித்தோம். இவர் வாயால் ஓர் ஏற்பாடு சொல்ல வையுங்கள். என் பெண் அந்த ராயர் கையில் சிக்கிவிடக் கூடாது" என்று கண்கலங்கினாள்.

திருமேனியார் பக்குவமாகத்தான் பேச்சை எடுத்தார். ராஜாவுக்கோ மூக்குக்குமேல் கோபம் வந்தது. மந்திரிமேல் நெடுநாள் பொறாமை கொண்ட கொண்டல்ராயர் விடுவாரா? மகாராஜா ஆயிரம் ஆண்டு வாழப்போகிறவர், மந்திரிக்கு என்ன அவசரமோ என்று தூபம் போட்டார். ராஜாவின் காலத்துக்குப் பிறகு என்று இனி எவன் பேசினாலும் அவனை நாடு கடத்த வேண்டும் என்று அங்கேயே உத்தரவு பிறந்தது. மந்திரி வாயை மூடிக்கொண்டார். மூளையை மூடவில்லை.

மறுநாள் சபைக்கு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். ராஜா காரணம் கேட்டார்.

"ராயர் சொன்னதை யோசித்தேன், மகாராஜா. நீங்கள் ஆயிரம் ஆண்டு வாழ்வீர்கள். நாங்கள் அத்தனை நாள் தாங்க மாட்டோமே. நாங்கள் எல்லாரும் போன பிறகு உங்களை யார் பார்த்துக்கொள்வார்கள்? ரசத்தில் உங்களுக்கு மிளகு தூக்கலாக வேண்டும் என்பதைப் புது ஆள்களுக்கு யார் சொல்வது?"

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கொஞ்சம் கவலையும் வந்தது. என்ன செய்யலாம் என்றார்.

"எங்கள் காலத்துக்குப் பிறகு என்ன ஏற்பாடு என்று ஒவ்வொருவரும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். உத்தரவு உங்கள் காலத்தைப் பற்றித்தானே?"

ராஜா தலையாட்டினார். மந்திரியே தொடங்கினார். வீடு மனைவிக்கு. பசுவும் கன்றும் பக்கத்து வீட்டுக்கு, ஏனென்றால் தினமும் புல் போடுவது அவர்கள்தான். மூச்சு வாங்கும் நிலை வந்தால் கசப்புக் கஷாயம் ஊற்றித் தன்னை வதைக்க வேண்டாம், மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பாடினால் போதும். அவ்வளவுதான். சபையே நெகிழ்ந்துபோனது. ராஜா, "பலே" என்றார்.

அந்தப் 'பலே' ராயருக்குப் பொறுக்கவில்லை.

"இதுவும் ஓர் ஏற்பாடா, மகாராஜா? என்னுடையதைக் கேளுங்கள்" என்று எழுந்தார். சிதைக்கான சந்தனக் கட்டை பத்து வருஷமாகப் பரணில் காய்கிறதாம். நஞ்சை மூத்தவனுக்கு, மாளிகை இளையவனுக்கு, கஞ்சி வைத்துக் கொடுக்கிற மருமகளுக்கு மாந்தோப்பு. பெட்டிச் சாவி எங்கே என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியுமாம். "தகப்பனில்லாத பேத்தி ஒருத்தி இருக்கிறாள். அவளுக்குக் காப்பாளர் அவள் அம்மாவேதான். பச்சைக் குழந்தை விஷயத்தில் வெளியாளை நம்பலாமா?"

ராணி மெதுவாகக் கேட்டாள். "அப்படியானால், ராயரே, ஜுரத்தின்போது என் குழந்தைக்கு நீங்களே காப்பாளர் என்று எழுதித் தரச் சொன்னீர்களே, அது எதனால்?"

ராஜா ராயர் பக்கம் திரும்பினார்.

"உம்முடைய மருமகளுக்கு மாந்தோப்பு இருக்கிறது. என் மகளுக்கு என் சொல்கூட இல்லை. எனக்கு மட்டும் ஏற்பாடு வேண்டாம் என்றீரே?"

"நாங்கள் சாதாரண மனிதர்கள், மகாராஜா..."

"ஜுரம் அப்படிப் பார்த்து வரவில்லையே, ராயரே."

உத்தரவு அப்போதே ரத்தானது. ராஜா தன் ஏற்பாட்டைச் சபையறியச் சொன்னார். சிம்மாசனம் மகளுக்கு, அவள் வளரும்வரை காப்பாளர் ராணி. மோதிரம் இனி ராணியின் பெட்டியில். ஜுரத்தில் இரவுபகலாக ஈரத்துணி மாற்றிய பணிப்பெண் காத்தாயிக்கு ஏரிக்கரை வயல். பசியோடும் காவல் நின்ற சேவகர்களுக்கு அவர்கள் குடியிருக்கும் மனை. "கொடுக்க வேண்டியதைச் சொல்ல வந்தேன். நன்றி சொல்ல வேண்டியவர்கள்தான் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள்" என்றார். காத்தாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஏற்பாட்டில் ராயர் கெட்டிக்காரர் என்பதால், வீதி வீதியாகப் போய் ஜனங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. முணுமுணுத்துக்கொண்டே போனார். நன்றாகவே செய்தார் என்றும் சொல்ல வேண்டும்.

மந்திரிக்கு ராஜா தன் கழுத்து முத்துமாலையைப் போட்டார். பிறகு, "கடைசியில் எனக்குப் பேச்சு நின்றுவிட்டால், எனக்காகப் பேச வேண்டியவர் நீர். ஏரிப்பக்கத்து ஜன்னல் திறந்திருக்க வேண்டும்" என்றார்.

வருஷங்கள் ஓடின. மகள் வளர்ந்து ஆளான பிறகு அந்த நாளும் வந்தது. வைத்தியர்கள் இன்னொரு கஷாயத்தோடு வந்தார்கள். தள்ளாத வயதில் தடியூன்றி நின்ற திருமேனியார், "போதும். காற்று வரட்டும்" என்றார்.

இளவரசி ஜன்னலைத் திறந்தாள். ராணி ராஜாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மோதிரத்தைத் தேடி யாரும் ஓடவில்லை, காப்பாளர் என்று எவரும் வந்து நிற்கவில்லை. அழுவதைத் தவிர அந்த அரண்மனையில் யாருக்கும் வேறு வேலையே இருக்கவில்லை. அவரை நினைத்து எல்லாரும் நிம்மதியாக அழுதார்கள்.