கட்டுமரத்தின் பெயர் கப்பலேறிய கதை

அந்தக் காலத்தில் மரங்கள் வெட்டுப்பட்ட பிறகும் பேசிக்கொண்டிருந்தன. கடற்காகங்கள் எந்தெந்தத் துறையில் இரை பொறுக்கினவோ அந்தந்த ஊர்ப் பேச்சையெல்லாம் பேசின. மனிதர்களுக்குத்தான் தங்கள் ஊர்ப் பேச்சைத் தவிர வேறெதுவும் புரியாது.

கிழக்குக் கரையில் வேலாச்சியும் அவள் புருஷன் அஞ்சாப்புலியும் இருந்தார்கள். மலையிலிருந்து ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டுவந்த மூன்று மரங்கள் அவர்கள் குடிசைக்கு எதிரே மணலில் கிடந்தன. நீளமானது நெட்டையன். வளைந்தது கோணலன். தடித்துக் குறுகியது கட்டையன். அஞ்சாப்புலி நாளுக்கு ஒரு மரத்தைத் தண்ணீரில் தள்ளி, அதன்மேல் குந்திக்கொண்டு மீன் பிடிக்கப் போவான். மூன்றாம் அலையைத் தாண்டமாட்டான். தாண்டினால் மரம் உருண்டுவிடும்.

ஒருநாள் காலை கோணலன் மட்டும் திரும்பி வந்தான்.

"அவரு எங்கே?" என்றாள் வேலாச்சி.

"இன்னிக்கு மூணாம் அலையைத் தாண்டிட்டாரு. நான் வேணும்னு உருளல, தாயி. உருளாம இருக்க எனக்குத் தெரியாது."

அவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். அப்போது ஒரு கடற்காகம் பக்கத்தில் வந்து இறங்கியது.

"அழாதே. உன் புருஷன் சாகல. அந்தாண்ட ஒரு சீமைக் கப்பல் நிக்குது பாரு, அதுல தூக்கி ஏத்திக்கிட்டாங்க. கஞ்சி குடிச்சிட்டு உக்காந்திருக்கான்."

"கொண்டுவந்து விடச் சொல்லு."

"படகு ரெண்டு இறக்கிப் பார்த்தாங்க. ரெண்டையும் உங்க அலை நொறுக்கிடுச்சு. பொழுது சாஞ்சா கரைக்காத்து எழும்பும். பாய் விரிச்சுப் போயிடுவாங்க. அப்புறம் அவன் எந்த ஊர்ல இறங்குவானோ."

வேலாச்சி மூன்று மரங்களையும் பார்த்தாள். அவள் திரித்துவைத்த தென்னங்கயிறு குடிசை வாசலில் சுருண்டு கிடந்தது.

"மூணு பேரையும் சேர்த்துக் கட்டினா உருளமாட்டீங்கதானே?"

"கட்டறதா? அந்தப் பேச்சே வேணாம்," என்றான் நெட்டையன். "மலையில எங்க அண்ணனைக் கட்டி ஆத்துல விட்டாங்க. வேலை முடிஞ்சதும் அவுக்க மறந்துட்டாங்க. கட்டின எடத்துல ஈரம் காயவே இல்ல. உள்ளேயே அழுகிச் செத்தான்."

"அதுவும் இந்தக் கோணலனோடயா?" என்றான் கட்டையன்.

"நீ பெரிய அழகன்," என்றான் கோணலன்.

"கரையைத் தொட்டதும் அவுத்துடறேன்," என்றாள் வேலாச்சி. "அவரு மூஞ்சியைப் பார்க்கறதுக்கு முன்னாடி அதைத்தான் செய்வேன்."

"இந்த ஒரு தடவைக்கா?" என்றான் நெட்டையன்.

"எத்தனை தடவை கட்டினாலும்."

"அவுத்ததும் நாங்க கடலோட போயிட்டா?"

"போறதா இருந்தா போங்க. வாக்கு வாக்குதான்."

பிறகு நெட்டையன் நடுவில் வந்து படுத்தான்.

முதல் அலையில் கோணலன் உருளப் பார்த்தான். மற்ற இருவரும் விடவில்லை. இரண்டாம் அலையில் கட்டையன் புரளப் பார்த்தான், அவனையும் விடவில்லை. மூன்றாம் அலை தலைக்கு மேல் எழுந்து விழுந்தது. படகாக இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்து முழுகியிருக்கும். இதற்கு உள்ளே என்று ஒன்றே இல்லை. மேலே விழுந்த தண்ணீர் இடுக்குகள் வழியே இறங்கிப் போயிற்று. நடுவில் முட்டிபோட்டு, ஒரு பலகையால் துழாவிக்கொண்டு வந்தாள் வேலாச்சி. கப்பலின் ஓரத்தில் வரிசையாக நின்றவர்கள் வாயடைத்துப் பார்த்தார்கள். இரண்டு படகுகளை இழந்த கப்பல் துரை தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அஞ்சாப்புலியோடு அவரும் இறங்கி, நனைந்தபடி கரைக்கு வந்தார்.

கரை தட்டியதும் வேலாச்சி முடிச்சின் மேல் குனிந்தாள். துரை ஏதோ சொல்ல, கடற்காகம் எடுத்துச் சொன்னது.

"அவுக்காதேங்கறாரு. கட்டினபடியே கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போவாராம். அவங்க ஊர்ல இப்படி ஒண்ணு கிடையாதாம்."

"குடுத்துடு புள்ள," என்றான் அஞ்சாப்புலி. "என் உசுரைக் காப்பாத்தினவரு. மூணு கட்டைதானே."

"உன்னைக் கரை சேர்த்ததும் அந்த மூணு கட்டைதான்யா."

"சரி, குடுக்க வேணாம். அவுக்கவாவது அவுக்காதே. மூணும் கடலோட போயிட்டா நாளைக்கு எதுல போறது? இவரு எப்படித் திரும்புவாரு?"

அவள் விரல்கள் முடிச்சின் மேல் நின்றன. புருஷனைத் திருப்பித் தந்தவரை வெறுங்கையோடு அனுப்புவதா? மரத்துக்குக் கொடுத்ததும் வாக்குதானா? கதையாகக் கேட்கும் நமக்கு இதில் குழப்பம் இல்லாமல் இருக்கலாம். அவளுக்கு இருந்திருக்கும்.

தண்ணீரில் ஊறிய முடிச்சு இறுகிப்போயிருந்தது. அவள் பல்லால் கடித்து இழுத்தாள். கயிறு விட்டது. மூன்று மரங்களும் மணலில் தனித்தனியே சரிந்தன.

துரை திகைத்துப்போய்ச் சுற்றும்முற்றும் தேடினார்.

"மூணு அலையைத் தாண்டி வந்துச்சே, அது எங்கேன்னு கேக்கறாரு," என்றது கடற்காகம்.

"நாளைக்குக் காலையில வரும்னு சொல்லு," என்றாள் வேலாச்சி. அவளுக்கே அதில் நிச்சயம் இல்லை.

துரை கரையில் இருந்ததால் கப்பல் அன்று பாய் விரிக்கவில்லை. மறுநாள் விடிந்து அவள் வந்து பார்த்தபோது, ஈரம் வடிந்த மூன்று மரங்களும் தண்ணீர் ஓரத்தில் பக்கம் பக்கமாகக் கிடந்தன. நடுவில் நெட்டையன்.

"என்ன பார்க்கறே?" என்றான் கட்டையன். "காஞ்சாச்சு. கட்டு. கோணலனை மட்டும் எனக்கு அந்தப் பக்கம் போடு, அவன் மூஞ்சியைப் பார்க்காம வரேன்."

துரையைக் கப்பலில் ஏற்றிவிட்டபோது அவர் கடைசியாக ஒன்று கேட்டார்.

"இதுக்குப் பேரு என்னன்னு கேக்கறாரு. அதையாவது கொண்டுபோறாராம்."

வேலாச்சி அதுவரை அதற்குப் பெயர் வைத்திருக்கவில்லை. செய்ததையே சொன்னாள்.

"கட்டுமரம்."

துரை அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போனார். சொல்லை மட்டும் கட்டியபடியே கொண்டுபோனார். அதை எந்த இடத்தில் அவிழ்ப்பது என்று அவர் ஊரில் யாருக்கும் தெரியவில்லை.

அன்றிலிருந்துதான் நம் கரையில் கட்டுமரம் வந்து சேர்ந்ததும் கயிறு அவிழ்கிறது, மரங்கள் தனித்தனியே வெயில் காய்கின்றன. ஆங்கிலத்திலோ 'கேட்டமரான்' என்று, மரமும் இல்லாத கயிறும் இல்லாத இரட்டை உடல் படகுகளின் மேல் ஏறிக்கொண்டு, வேலாச்சி கட்டிய கட்டு இன்னும் அவிழாமல் கடல் கடலாகச் சுற்றிவருகிறது.