அகரவரிசையில் ஒரு விருந்து

சிரிப்பு நிச்சயம். ஆனால் இப்போதே வராது. சாம்பார் வரும்போதுதான் வரும். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருங்கள்.

தும்பைநாட்டில் ராஜாவும் உண்டு, கணினியும் உண்டு. எப்படி என்று கேட்டால் கதை நகராது.

அந்த நாட்டுக்கென்றே ஒரு நிரல்மொழி இருந்தது. அதில் எழுத்துகளைக் கோத்து வைத்தால் அதற்குப் பெயர் சரம். சரத்தை வெட்ட, ஒட்ட, தேட, திருப்பிப் போட என்று அறுபத்து மூன்று கட்டளைகள். எது என்ன செய்யும் என்று சொல்ல ஒரு தடித்த கையேடு. அதைக் கட்டிக் காத்தவர் ஆவணத் தலைவர் அனந்தமூர்த்தி. அவர் வாயைத் திறந்தால் அரண்மனைத் தூண்கூடக் கைகட்டி நிற்கும்.

ஒருநாள் நிரல் எழுதும் பொற்கொடி, அரசவை விகடன் இடும்பனிடம் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, ராசா பேருக்குப் பின்னாடி வெத்து இடமா வருது. அதை எடுக்கணும். வெ-வுல பார்த்தேன், வெற்றிடம் இல்லை. நீ-யில பார்த்தேன், நீக்கு இல்லை. கா-வுல காலியிடம் இல்லை. அரை நாள் கழிச்சு ஓ-வுல கிடைச்சுது. ஓரத்தைச் சீவுறதால ஓரஞ்சீவியாம்! பேரு தெரிஞ்சா நான் எதுக்குண்ணே புத்தகத்தைத் திறக்கிறேன்?"

"நியாயம்தான் தாயி" என்றான் இடும்பன்.

மூன்று நாள் கையேட்டோடு உட்கார்ந்தான். வெட்டுபவை எல்லாம் ஓர் இடம். ஒட்டுபவை ஓர் இடம். தேடுபவை, சுத்தம் செய்பவை என்று வேலையைப் பார்த்துப் பிரித்து அடுக்கினான். பழைய அகரவரிசைப் பட்டியலையும் தூக்கிப் போடவில்லை. கடைசிப் பக்கத்தில் வைத்தான்.

அனந்தமூர்த்தி கடைசிப் பக்கம் வரை போகவில்லை. முதல் பக்கத்திலேயே பொங்கிவிட்டார். நேரே சபைக்கு ஓடினார்.

"பிரபோ! அகரவரிசை என்பது சாமானியமா? அது ஒழுங்கின் தாய்! ஞானத்தின் தந்தை! ராஜ்யத்தின் சித்தப்பா! ஓரஞ்சீவி கிடைக்கவில்லை என்று ஒரு பெண் மூக்கைச் சிந்தினாளாம், அதற்காக அதை இந்த இடும்பன் வீதியில் இழுத்துவிட்டான்!"

ராஜா எழினிவேலுக்கு நிரலும் தெரியாது, சரமும் தெரியாது. கோபப்படத் தெரியும்.

"ஹூம்ம்ம்! என் அரண்மனையில் இனி எல்லாமே அகரவரிசைதான். நாளை மதியம் என் பிறந்தநாள் விருந்து. அது முடிவதற்குள் கையேடு பழையபடி ஆக வேண்டும். ஆகாவிட்டால், இடும்பா, உனக்குச் சபையில் வேலையில்லை. யானைக் கொட்டடியில் சாணி அள்ளு!"

"உத்தரவு, அரசே. எல்லாமேவா?"

"எல்லாமே!"

"ஒன்றுகூட விடாமல்?"

"காது கேட்கவில்லையா உனக்கு?"

இடும்பன் குனிந்து வணங்கினான். கையேடு இருந்த பக்கம் போகவில்லை. நேரே மடைப்பள்ளிக்குப் போனான். தலைமைச் சமையல்காரி சிகப்பாயியின் காதில் ஏதோ சொன்னான்.

"யோவ், நிசமாவே ராசா உத்தரவா இது?"

"சபையே கேட்டதக்கா."

"பரிமாறும்போது சிரிச்சுட்டா?"

"உதட்டைக் கடிச்சுக்குங்க."

மறுநாள் மதியம். ராஜா பசியோடு வந்தார். பக்கத்தில் அனந்தமூர்த்தி, வெள்ளை வெளேர் பட்டு வேட்டியில். கூடம் காலியாக இருந்தது. மணை இல்லை, இலை இல்லை. வாருங்கள் என்று சொல்லக்கூட ஆள் இல்லை.

சிகப்பாயி வந்தாள். ஆளுக்கொரு அப்பளத்தை இடது கையில் கொடுத்தாள். வலது கையில் ஒரு கரண்டி அவியலை வைத்தாள்.

"அ முடிஞ்சுது. ஆ-வுல ஒண்ணும் இல்லைங்க. அடுத்து இ!"

இஞ்சித் துவையல் வந்தது. வைக்கக் கை இல்லை. அப்பளத்தின் மேல் அப்பினாள். அப்புறம்தான் இருக்கை வந்தது. அதற்கும் அப்புறம்தான் இலை.

"என்னம்மா இது கூத்து?" என்றார் அனந்தமூர்த்தி.

"கூட்டு இன்னும் வரலைங்க சாமி. உப்பு, ஊறுகாய் முடியட்டும்."

ராஜாவுக்கு ஏதோ புரிந்த மாதிரி இருந்தது. ஆனால் போட்டது அவர் உத்தரவு. அதனால் முகத்தை மட்டும் கம்பீரமாக வைத்துக்கொண்டு ஊறுகாயை நக்கினார். கூட்டு வந்தது. தின்று முடித்த பிறகு கைகழுவச் செம்பு வந்தது. கழுவினார்.

பிறகு ச வந்தது.

சிகப்பாயி உதட்டைக் கடித்தபடி வாளியைத் தூக்கினாள். கொதிக்காத, ஆனால் தாராளமான சாம்பார். வெறும் இலையில் ஊற்றினாள். அணை கட்டச் சோறு இல்லாத சாம்பார் எங்கே போகும்? அனந்தமூர்த்தியின் பட்டு வேட்டிக்குப் போனது. ஒரு முருங்கைக்காய் அவர் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது.

"சோறு எங்கே? சோறு!"

"வரும் சாமி. சா முடிஞ்சாத்தானே சோ?"

அனந்தமூர்த்தி எழுந்துவிட்டார். தாய், தந்தை, சித்தப்பா எல்லாம் மறந்துபோயிற்று.

"அடி அறிவுகெட்டவளே! பெயரைப் பார்த்தா பரிமாறுவார்கள்? எந்த நேரத்தில் எது தேவையோ, அந்த வேலையைப் பார்த்தல்லவா வரிசைப்படுத்த வேண்டும்! சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

தூணுக்குப் பின்னாலிருந்து இடும்பன் வந்தான். கையில் கையேடு.

"ஐயா, இப்போது சொன்னீர்களே, அதை முன்னுரையாகப் போட்டுக்கொள்ளட்டுமா? உங்கள் பெயரிலேயே."

ராஜா குபீரென்று சிரித்தார். சிரித்த வேகத்தில் கடைசி அப்பளத் துண்டு நொறுங்கியது. "இடும்பா, சபையில் உன் ஆசனம் உனக்கே. அந்த ஓரஞ்சீவிப் பெண்ணுக்கு ஒரு பட்டுச்சேலை. சிகப்பாயி, முதலில் சோற்றைப் போடு! ஆமாம், அந்த அகரவரிசை எங்கேதான் போயிற்று?"

"எங்கும் போகவில்லை அரசே. கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலை மாதிரி."

அனந்தமூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. மடியில் கிடந்த முருங்கைக்காயைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். கையேட்டைப் பார்த்தார். மறுபடி முருங்கைக்காயைப் பார்த்தார்.

"அடேய் இடும்பா..." என்றார் மெதுவாக. "இது விருந்தே இல்லையடா. என் புத்தகம்!"