முப்பத்திரண்டு பெயர்

சவேரிமுத்து சாருக்கு ஐம்பத்தாறு வயசு. லினக்ஸ் கம்ப்யூட்டர் பாடம் சொல்லிக்கொடுப்பதில் திருச்சியில் அவரை அடிச்சுக்க ஆள் இல்லை. அப்பேர்ப்பட்டவர், எங்கள் சென்டரில் புதுசாகச் சேர்ந்த ஷாகிதா மேடத்திடம் போய்ப் பாடம் கேட்டார். அந்தம்மாவுக்கு முப்பத்தொன்று.

"என் பழைய ஸ்டூடண்ட் மரகதவல்லி, மேடம். ஓர் ஆஸ்பத்திரியில ரத்த வங்கி சர்வரைப் பார்த்துக்கிட்டிருந்தா. கரண்ட் போய் வந்ததும் சர்வர் எழுந்திருச்சு. குளிர் குறைஞ்சா அலாரம் அடிக்கிற புரோகிராம் மட்டும் எழுந்திருக்கலை. அத்தனை ரத்தமும் வீணாப் போச்சு. பொண்ணை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க."

"அவ என்ன செஞ்சிருந்தா?"

"சர்வர் எழுந்ததும் எதெது தானா ஓடணும்னு ஸ்டார்ட்டப் ஃபைல்ல எழுதணும்; நான் சொல்லிக்கொடுத்தபடியே எழுதியிருக்கா. ஓர் எழுத்துகூடப் பிசகலை. நம்ம லேப்ல அது இப்பவும் ஓடுதே! தப்பு எங்க மேடம்?"

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். "பதினோரு மணி கிளாஸை இங்கேயிருந்தே ஆன்லைன்ல எடுங்க சார், பசங்க பக்கத்து லேப்ல உட்கார்ந்து பார்க்கட்டும். அதே பாடம்."

எடுத்தார். திரையில் முப்பத்திரண்டு பெயர். கேமராவை எவன் போடுகிறான் இந்தக் காலத்தில்? முக்கால் மணி நேரம் தொண்டை வறளப் பேசினார். "புரிஞ்சுதா?" என்றார். புரியலைன்னு ஒருத்தரும் சொல்லவில்லை. மனுஷனுக்குத் திருப்தி.

"வாங்க," என்று மேடம் பக்கத்து லேப் கதவைத் திறந்தார். ரிசப்ஷனில் இருக்கும் நானும் சும்மா இருக்க மாட்டாமல் பின்னால் போனேன்.

முப்பத்திரண்டு கம்ப்யூட்டரிலும் கிளாஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாற்காலியிலும் ஆள் இல்லை.

"பசங்க எங்கே?"

மைக் இன்னும் சார் சட்டையில்தான் இருந்தது. ஒரு நொடி கழித்து முப்பத்திரண்டு ஸ்பீக்கரும் அவர் குரலிலேயே கேட்டன: பசங்க எங்கே?

நான் வாசல்படியிலேயே நின்றுவிட்டேன்.

"லாகின் மட்டும் பண்ண வச்சு, கிளாஸ் ஆரம்பிக்கும் முன்னாடியே வீட்டுக்கு அனுப்பிட்டேன்," என்றார் மேடம். "நம்ம லேப் பழசு சார். ஆஸ்பத்திரியில இருக்கிற மாதிரி புது சிஸ்டம் அந்த ஸ்டார்ட்டப் ஃபைலைப் படிக்கிறதே இல்லை. ஆனா ஃபைல் இருக்கும். எழுதினா வாங்கிக்கும். தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லாது."

சார் மைக்கைப் பிடுங்கி எறிந்தார். "பாவி நான்! எத்தனை வருஷமா மேடம்?"

"பத்து வருஷம் இருக்கும்."

"அதுக்கப்புறம் என்கிட்ட படிச்ச பிள்ளைங்க?"

"எங்கெங்கேயோ உட்கார்ந்து, இப்பவும் எழுதிக்கிட்டுத்தான் இருக்காங்க, சார்."