உறை கிழியாத பவுனு

ஓர் ஊரில் ஒரு மின்சாரக் கார் இருந்தது. ஊர் திருநெல்வேலி. காரின் பெயர் பவுனு.

பெயர் வைத்தவர் பாத்திரக்கடை குற்றாலிங்கம். வாங்கி வந்த அன்றே, "பவுனு மாதிரி வச்சுக்கிடணும்" என்று வீட்டில் சொல்லிவிட்டார். சொன்னபடியே வைத்துக்கொண்டார். நம் வீடுகளில் பவுனை எப்படி வைத்துக்கொள்வோமோ அப்படித்தான். பூட்டி வைத்து, விசேஷத்துக்கு மட்டும் வெளியே எடுத்து, நாலு பேர் பார்த்ததும் மறுபடி உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்கு ஒரு நடை, அதோடு சரி. ஐந்து வருஷத்தில் அவள் சக்கரம் ஏற்றி நசுக்கிய எலுமிச்சம்பழங்கள், அவள் பார்த்த ஊர்களைவிட அதிகம். மற்ற நாளெல்லாம் தகரக் கொட்டகைதான். திருநெல்வேலி வெயிலில் தகரக் கொட்டகை என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே அப்பளம் காய வைக்கலாம். சார்ஜ் நூறிலிருந்து தொண்ணூற்றொன்பதுக்கு இறங்கினால் குற்றாலிங்கத்துக்கு மனசு பொறுக்காது. ஓடிப்போய் வயரை மாட்டிவிடுவார். வயிறு நிறைந்த பிள்ளைக்கு இன்னும் இரண்டு இட்லி திணிக்கிற பாசம்.

அவர் மனைவி பகவதி வருஷத்துக்கு ஒருமுறையாவது கேட்டுப் பார்ப்பாள்.

"ஒரு நா திருச்செந்தூருக்குப் போயி கடலைப் பாத்துட்டு வருவமா?"

"உப்புக் காத்து பட்டா பாடி துருப்பிடிச்சிரும்."

"எனக்கும்தான் இந்த வீட்டுக்குள்ள கெடந்து துருப்பிடிக்கி. அதப் பத்தி ஒண்ணும் சொல்லக் காணோம்."

குற்றாலிங்கம் காதில் வாங்காமல் துணியை எடுத்துக்கொண்டு கண்ணாடியைத் துடைக்கப் போய்விடுவார்.

இந்த வீட்டில் பவுனுக்கு ஒரே ஒரு பேச்சுத்துணை இருந்தது. கம்பெனியில் சீட்டுக்குப் போட்டுவிட்ட பிளாஸ்டிக் உறை. அதைக் கழற்ற குற்றாலிங்கத்துக்கு மனம் வரவில்லை. யார் உட்கார்ந்தாலும் அது 'மொறுக்' என்று ஒரு சத்தம் போட்டு எச்சரிக்கும்.

"நான் இருக்கப் போய்த்தான் நீ இன்னைக்கும் புதுசா இருக்க," என்று உறை தினமும் சொல்லும். "கேட்டுக்கோ, ஒரு பொட்டு காப்பிக் கறை உண்டா உம்மேல?"

"இல்ல," என்பாள் பவுனு. பெருமையாகத்தான் சொல்வாள். ஆனால் தெருவில் ஏதாவது வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனால், அந்தச் சத்தம் அடங்கும்வரை காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு தடவையாவது இப்படி ஓட வேண்டும் என்று ஆசை. ஆசைதானே, அதற்கு உறை போட முடியுமா?

ஐந்தாம் வருஷம் மேற்கூரையில் ஜன்னல் வைத்த மாடல் வந்தது. குற்றாலிங்கத்துக்கு அதன்மேல் கண் விழுந்தது. திறந்தால் தூசி வரும் என்று அவர் அந்த ஜன்னலைத் திறக்கப்போவதில்லை என்பது வேறு விஷயம். பவுனைப் பைபாஸ் சாலையில் பீர்முகம்மதுவின் பழைய கார் விற்பனை நிலையத்தில் விட்டுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டே போனார். அழுதாரா, வேர்வையா என்று தெரியவில்லை.

எதிர்ச்சாரியில் கண்ணாடிக் கட்டடம். உள்ளே சிவப்புப் பட்டுத்துணி போர்த்திக்கொண்டு ஒரு புதுக் கார் நின்றது. பவுனைப் பார்த்ததும் அங்கிருந்தே கேட்டது.

"யக்கா, நீயும் புதுசா? பின்ன ஏன் அந்தப் பக்கம் நிக்க?"

"புதுசு மாதிரிதான்," என்றாள் பவுனு.

பக்கத்தில் நின்ற ஒரு கார் சிரித்துவிட்டது. அவனும் அதே மாடல், அதே வயசு. வாடகைக்கு ஓடியவன். முன் கதவிலிருந்து பின் கதவுவரை நீளமாக ஒரு கோடு. அதனால் அங்கே எல்லோருக்கும் அவன் கோடன். சீட்டில் சாம்பார், தரையில் கடற்கரை மணல், பின்கண்ணாடியில் யாரோ ஒரு குழந்தை ஒட்டிய மிட்டாய்த்தாள்.

"எவ்வளவு ஓடிருக்க?" என்று கேட்டான்.

"ஆறாயிரம் கிலோமீட்டர்."

"மாசத்துக்கா?"

பவுனுக்கு முன்னால் உறை முந்திக்கொண்டது. "நீ இவன்கூடல்லாம் பேசாத. ஒட்டிக்கிடும்."

ஒரு சனிக்கிழமை காலையில் மரியபுஷ்பம் டீச்சர் தன் கணவர் செல்லத்துரையோடு கார் பார்க்க வந்தாள். கடலோரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அவளை மாற்றியிருந்தார்கள். போக ஐம்பத்தெட்டு கிலோமீட்டர், வர ஐம்பத்தெட்டு. அந்தப் பக்கம் போகும் காலை பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மூன்று மாதமாக முதல் பீரியடுக்கு அவளால் போய்ச் சேர முடியவில்லை.

செல்லத்துரையின் கால்கள் நேராக எதிர்ச்சாரிக் கண்ணாடிக் கட்டடத்துக்குத்தான் போயின. டீச்சர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து இந்தப் பக்கம் கொண்டு வந்தாள்.

"புதுசே எடுத்துருவோம் புஷ்பம். தெருவுல நாலு பேரு பாக்கணும்லா?"

"தெருவுல நிப்பாட்டவா, பள்ளிக்கூடம் போகவா? கடைசி அஞ்சு கிலோமீட்டர் கல்லு ரோடு. புதுசு வாங்குனா நீங்க என்னைய எடுக்கவே விடமாட்டீங்க. அந்தப் புது ஸ்கூட்டரை மழையில எடுத்தேன்னு ரெண்டு நாள் சாப்பிடாம கெடந்தீங்களே."

செல்லத்துரை மறுபடி எதிர்ச்சாரிப் பக்கம் திரும்பப் போனபோது பவுனு அவர் கண்ணில் பட்டாள். உறையைத் தொட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஏ, கவர்கூட பிரிக்கல! பழசு விலையில புதுசு. உனக்கும் ஆச்சு, எனக்கும் ஆச்சு."

"சொன்னனா?" என்று உறை மொறுமொறுத்தது. பவுனு கணக்குப் போட்டுவிட்டாள். தினமும் நூற்றுப் பதினாறு கிலோமீட்டர்! கடல்!

"அண்ணாச்சி சரியாப் பிடிச்சிட்டாங்க," என்று பீர்முகம்மது ஓடி வந்தார். "சார்ஜ் நூறு காட்டுது பாருங்க. ஒரே ஆள் கையில இருந்தது. கோயிலுக்கு மட்டும் போன வண்டி."

டீச்சர் இருபது வருஷமாகக் கணக்குப் பாடம் நடத்துகிறவள். "நூத்துக்கு நூறுன்னு தானே மார்க் போட்டுட்டு வர்ற பிள்ளைகளை நான் நெறையப் பாத்திருக்கேன் பாய்," என்றாள். "பரீட்சை வைப்போம். பள்ளிக்கூடம் வரை போயிட்டு வருவோம். இதுலயும் போவோம், அந்தக் கோடு போட்டதும் கூட வரட்டும்."

பீர்முகம்மதுவுக்குத் தலை சுற்றியது. டீச்சரிடம் மாட்டிக்கொண்டால் தப்ப முடியுமா? கோடனை அவர் எடுத்துக்கொண்டார். பவுனை டீச்சர் எடுத்தாள்.

அந்தக் காலை நேரத்தைப் பவுனு சாகும்வரை மறக்கமாட்டாள். வாழைத்தோட்டம் வந்தது, போனது. பனங்காடு வந்தது, தேரிமண் சிவப்பாக வந்தது. கல்லு ரோட்டில் கற்கள் தெறித்து வயிற்றில் அடித்தன. 'ஐயோ, ஐயோ' என்று உறை அலறியது. பவுனுக்கு அது கிச்சுகிச்சு மூட்டியது போல இருந்தது. பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் பின்னால் கடல் கிடந்தது. இவ்வளவு பெரிய ஒன்றை இத்தனை காலம் தனக்கு யாரும் காட்டவில்லையே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

திரும்பும்போதுதான் வினை. எண்பது கிலோமீட்டரில் தொண்டை வறண்டது. தொண்ணூறில் கண் இருட்டியது. ஊருக்குப் பதினைந்து கிலோமீட்டர் மிச்சம் இருக்கையில், ஒரு டீக்கடை வாசலில் நின்றேவிட்டாள்.

"என்ன பாய் இது?" என்றாள் டீச்சர்.

"பொத்திப் பொத்தி வச்ச வண்டி டீச்சர்!" பீர்முகம்மது கிட்டத்தட்ட அழுதுவிட்டார்.

மனிதர்கள் ஒருபக்கம் வாதாடிக்கொண்டிருக்க, பவுனு கோடனிடம் கேட்டாள். கேட்கவே கூச்சமாக இருந்தது.

"நாம ரெண்டு பேரும் ஒரே வயசுதான? நீ லட்சம் கிலோமீட்டர் ஓடினவன். உனக்கு இன்னும் பாதி மிச்சம் இருக்கு. எனக்கு ஏன் இப்படி?"

"உன்னை எப்பவும் நூறுலயே வச்சிருந்தாரா?"

"ஆமா."

"தகரக் கொட்டகையிலயா?"

"ஆமா."

"அங்கயே வெந்து போச்சு பிள்ள," என்றான் கோடன். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. "நம்ம பேட்டரி நெறஞ்ச வயித்தோட அனல்ல கெடந்தா, கெடக்கக் கெடக்க உள்ளயே கருகும். என் ஆளுக்கு எம்பதுக்கு மேல ஏத்தப் பொறுமை கிடையாது. வயரைப் பிடுங்கிட்டு ஓட ஆரம்பிச்சிருவான். ஆனா அவனும் முதல் ஆறு மாசம் என்னைப் பொத்தித்தான் வச்சிருந்தான்."

"அப்புறம்?"

"ஒரு மாட்டு வண்டிக்காரன் புண்ணியம். இந்தக் கோட்டைப் போட்டுட்டுப் போயிட்டான். எங்க ஆளு ஒரு நாள் முழுக்க அழுதான். மறுநாள், 'சரி, போனது போச்சு, வா'ன்னு கன்னியாகுமரிக்கு எடுத்துட்டுப் போனான். அதுக்கப்புறம் நிக்கவே இல்ல."

டீச்சர் அதற்குள் கோடன் பக்கம் வந்துவிட்டாள். கதவைத் திறந்து, சாம்பார்க் கறைமேல் கைக்குட்டையைப் போட்டு உட்கார்ந்தாள். "இவன் பாஸு," என்றாள். செல்லத்துரை அந்தக் கோட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் பக்கத்தில் ஏறினார்.

கோடன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனான். பவுனு டீக்கடை பிளக்கில் வயரை மாட்டிக்கொண்டு, மாவு மிஷினுக்குப் பக்கத்தில், சாயங்காலம்வரை நின்றாள். போகிற வருகிறவர்கள் எல்லாம் உறையைத் தடவிப் பார்த்து, "புது வண்டிபோல" என்றார்கள். அவளுக்கு அழுகையாக வந்தது. கெட்டுப்போயிருந்தால்கூடப் பரவாயில்லை, கெடாமல் வைத்தே தன்னைத் தீர்த்துவிட்டார்களே என்று பொருமினாள்.

அப்புறம் ஒரு மாதம் அவளை யாரும் சீந்தவில்லை. டீச்சரின் பரீட்சைக் கதை ஊரெல்லாம் பரவியிருந்தது. பேட்டரியைப் பிடுங்கிக் கல்யாண மண்டபத்து விளக்குக்குக் கொடுத்துவிடலாமா என்று பீர்முகம்மது போனில் யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்த நாளில் இசக்கியம்மாள் வந்தாள். பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவள். பேச ஆரம்பித்தால் பஸ் ஹார்ன் தோற்றுவிடும்.

"எத்தனை கிலோமீட்டர் போகும்? உண்மையைச் சொல்லும் பாய்."

"நூறு போவும்க்கா. அதுக்கு மேல சத்தியமா போவாது."

"ஒரு வகுப்புக்கு எட்டு கிலோமீட்டர்தான். நடுவுல சார்ஜ் போட்டுக்கிடுதேன். எடுத்துக்கிடுதேன்." கதவைத் திறந்து உட்கார்ந்தாள். மொறுக். "முதல்ல இந்தச் சனியனைக் கிழியும். பிள்ளைக வேர்வையில வழுக்கி பிரேக்குக்குப் பதிலா என் காலை மிதிச்சிரும்."

"நான் போயிட்டா நீ அழுக்காயிருவ!" என்று உறை கத்தியது.

"ஆயிட்டுப் போறேன்," என்றாள் பவுனு.

சர்ரென்று கிழிந்தது. ஐந்து வருஷத்தில் முதல்முறையாக அவள் முதுகில் காற்றுப் பட்டது.

பிறகு ஒரே கூத்துதான். தினம் ஏழு பெண்கள். ஒருத்தி சுவரில் இடித்தாள், ஒருத்தி தண்ணீர்க் குடத்தைச் சப்பையாக்கினாள், ஒருத்தி சீட்டில் தயிர்சாதம் சிந்தினாள். பவுனின் கன்னமெல்லாம் கோடு. இசக்கியம்மாளின் திட்டெல்லாம் காது குளிரக் கேட்டாள். முதல் தடவை தனியாகப் பாலம் ஏறி இறங்கிய ஒருத்தி ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்து அழுதபோது, பவுனுக்கும் கண் கலங்கிவிட்டது.

ஒருநாள் வண்ணார்பேட்டை சிக்னலில் நின்றாள். ஸ்டியரிங்கில் ஆவுடையம்மாள். சத்துணவுக் கூடத்தில் இருநூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறவள். கார் என்றால் மட்டும் கை நடுங்கும். இடதுபக்கத்தில் ஒரு புதுக் கார் வந்து ஒட்டினாற்போல நின்றது. கண்ணாடிக் கட்டடத்துப் புதுசேதான். நெற்றி நிறையக் குங்குமம். ஓட்டுகிற இடத்தில் குற்றாலிங்கம், பின்சீட்டில் பகவதி.

மொறுக், என்று உள்ளேயிருந்து சத்தம் கேட்டது.

குற்றாலிங்கம் பவுனை மேலும் கீழும் பார்த்தார். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. உச்சுக் கொட்டினார்.

"பாத்தியா பகவதி, எந்தப் பய வச்சிருந்த வண்டியோ. பேணத் தெரியாதவன்."

பவுனுக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. புதுசிடம் கேட்டாள்.

"எங்க போற?"

"கோயிலுக்குத்தான் யக்கா. போன வாரமும் அங்கதான். அதுக்கு முந்தின வாரமும்." புதுசின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "யக்கா, கடல்னு ஒண்ணு இருக்காமே?"

பச்சை விழுந்தது. பின்னால் ஒரு பஸ் ஹார்ன் அடித்தது. ஆவுடையம்மாளின் கை நடுங்கி ஸ்டியரிங் ஒரு கணம் இடதுபக்கம் போனது. ஸ்டியரிங் என்னவோ ஆவுடையம்மாள் கையில்தான் இருந்தது. ஆனாலும் பவுனு நினைத்திருந்தால் நேராகப் போயிருக்கலாம்.

கரகரகரவென்று, முன் கதவிலிருந்து பின் கதவுவரை.

"யம்மா!" என்று அலறியது புதுசு. "உனக்கு நான் என்ன பாவம் செஞ்சேன்?"

"பொறுத்துக்கோ," என்றாள் பவுனு. "உனக்கு நான் போடுற சீரு இது."

குற்றாலிங்கம் இறங்கி ஓடி வந்தார். அந்தக் கோட்டின் அந்தக் கடைசியிலிருந்து இந்தக் கடைசிவரை விரலால் தடவினார். எச்சில் தொட்டுத் தேய்த்தார். போகவில்லை. நடுச்சாலையில் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இசக்கியம்மாள் இறங்கி என்னென்னவோ சமாதானம் சொன்னாள். அவர் காதில் எதுவும் ஏறவில்லை.

"போச்சே பகவதி! இனி என்னத்தைப் பேண?"

பகவதி பின்சீட்டிலிருந்து அசையவில்லை.

"போனது போச்சு. எந்திரிச்சு வாங்க," என்றாள். "நேரா திருச்செந்தூருக்கு விடுங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறுவதற்குள், பின்சீட்டு உறையில் பாதியைப் பகவதி கிழித்து முடித்திருந்தாள்.