முத்தரசியின் ஐம்பத்தெட்டு

எங்கள் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத்தலைவர் ஞானசிகாமணி யாருக்கும் அறுபதுக்கு மேல் மார்க் போடமாட்டார். துறையிலேயே முதலாவதாக வந்த முத்தரசிக்கே ஐம்பத்தெட்டுதான். வரலாற்றுத் துறையில் தொண்ணூறு சாதாரணம். மார்க்கைப் பார்த்துத் தரும் உதவித்தொகையெல்லாம் அங்கேதான் போகும்.

“இங்கே ஐம்பத்தெட்டே பெரிசுன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க சார்” என்று முத்தரசி ஞானசிகாமணியிடம் கேட்டாள்.

“மார்க்குக்கு விளக்கம் கிடையாதும்மா.”

அந்த மாதம் மாணவர்கள் ஆசிரியர்களுக்கு மார்க் போட்டார்கள். வரலாற்றுப் பேராசிரியருக்குத் தொண்ணூற்றிரண்டு, ஞானசிகாமணிக்கு நாற்பத்தைந்து. துணைவேந்தர் விளக்கம் கேட்டார்.

ஞானசிகாமணி முத்தரசியைக் கூப்பிட்டார். “நான் அவ்வளவு மோசமாவா பாடம் நடத்துறேன்?”

“ரொம்ப நல்லா நடத்துறீங்க சார். உங்ககிட்ட படிச்சதால உங்களை மாதிரியே போட்டுட்டோம். இங்கே நாற்பத்தைந்தே பெரிசுன்னு துணைவேந்தருக்கு எழுதுங்க. அடுத்த வரியில என் ஐம்பத்தெட்டையும் சேர்த்துடுங்க.”