பன்னிரண்டு புள்ளி ஆறு

“டீச்சர், என் மீட்டர் பொய் சொல்லுதா, பேட்டரி பொய் சொல்லுதா?”

கேட்டவர் குற்றாலிங்கம் சார். வயது அறுபத்தாறு. முப்பத்து மூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர்.

டீச்சர் என்பவள் ஜெபசெல்வி. வயது முப்பத்தொன்று. இன்வெர்ட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமையானால் அதே கடையில் எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பு. அந்த வகுப்பில் நரைத்த தலை சாருடையது ஒன்றுதான். அவர் வாய் நிறைய ‘டீச்சர்’ என்று கூப்பிட்டால் மற்றவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவருக்கென்ன?

“என்ன ஆச்சு சார்?” சர்க்யூட்டில் ஈயம் பற்றவைப்பதிலிருந்து அவள் தலை நிமிரவில்லை.

“நேத்து கரண்ட் போச்சு. கோமுவோட ஆக்சிஜன் மெஷின் இன்வெர்ட்டர்ல ஓடிச்சு. பத்தே நிமிஷம், நின்னுபோச்சு!”

கோமு அவர் மனைவி. நுரையீரல் கெட்டுப்போய் எட்டு மாதமாக மெஷினோடுதான் இருக்கிறாள்.

“நல்லவேளை, கரண்ட் உடனே வந்திட்டு. காலையில பேட்டரியை மீட்டர் வச்சுப் பாக்கேன், பன்னிரண்டு புள்ளி ஆறு வோல்ட் காட்டுது. ஃபுல் சார்ஜ்! ஃபுல்லா இருக்கிற பேட்டரி எப்படி டீச்சர் பத்து நிமிஷத்துல படுக்கும்?”

அவள் அடுத்த ஒயரைப் பற்றவைத்தாள்.

“நாளைக்கு எங்க தெருவுக்கு மாசாந்திர கரண்ட் கட். காலையில ஒம்பதுல இருந்து அஞ்சு மணி வரை. எட்டு மணி நேரம்! எதை நம்பன்னு தெரியல. மண்டை காயுது.”

ஜெபசெல்வி கையை நீட்டினாள்.

சார் மீட்டரைக் கொடுத்தார். மஞ்சள் உறை போட்ட, இருக்கிறதிலேயே மலிவான மீட்டர்.

அவள் டிராயரைத் திறந்து தீப்பெட்டி அளவில் ஒரு சர்க்யூட் போர்டை எடுத்தாள்.

“இது அஞ்சு வோல்ட் தரும் சார். வெயிலடிச்சாலும் மழை பெஞ்சாலும் அஞ்சுதான். வேற எதுவும் இதுக்குத் தெரியாது.”

அதில் சாருடைய மீட்டரை வைத்தாள்.

5.34.

சார் போர்டைப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். மறுபடி போர்டைப் பார்த்தார்.

“போர்டு கெட்டுப்போச்சோ?”

அவள் தன்னுடைய பெரிய மீட்டரை வைத்தாள்.

5.00.

“அப்போ என் மீட்டர்தான் கூட்டிச் சொல்லுதா?”

“ஆமா சார்.”

“அது எப்படி? போன வாரம்தானே கேலிபரேட் பண்ணேன்! மலிவு மீட்டர்னா உள்ளே ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும், அதைத் திருப்பிச் சரி பண்ணிக்கிடலாம்னு நீங்கதானே வகுப்புல காட்டினீங்க?”

“காட்டினேன்.”

“அதே மாதிரிதான் திருப்பினேன்.”

“எதுல வச்சுத் திருப்பினீங்க?”

“எங்க வீட்டுப் பேட்டரியிலதான். வாங்கின அன்னிக்கு மீட்டர் பன்னிரண்டுதான் காட்டிச்சு. ராத்திரி பூரா சார்ஜ் ஏறின பேட்டரி பன்னிரண்டு புள்ளி ஆறு இருக்கணும்லா? புஸ்தகத்துல அப்படித்தானே போட்டிருக்கு? அதான் ஆறு வர்ற வரைக்கும் திருப்பினேன். ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும் குறைஞ்சுது. மறுபடியும் திருப்பினேன்.”

ஜெபசெல்வி சால்டரிங் அயர்னைத் தாங்கியில் வைத்தாள்.

“சார், உங்க வகுப்புல ஒருத்தன் புஸ்தகத்துக் கடைசியில விடையைப் பாத்திட்டு, அதுக்குத் தக்கன கணக்கைப் போட்டுக் கொண்டுவந்தா என்ன மார்க் போடுவீங்க?”

“முட்டைதான்! காதைப் பிடிச்சு…”

பாதியில் நின்றுவிட்டார். கை தன்னாலே அவர் காதுக்குப் போயிருந்தது.

அவள் மீட்டரின் முதுகைத் திறந்து ஸ்க்ரூவைத் துளித்துளியாகத் திருப்பினாள். போர்டில் 5.00 வந்ததும் மூடிக் கொடுத்தாள்.

“இப்போ போய்ப் பாருங்க. பன்னிரண்டரைக்குக் கீழே காட்டினா உடனே போன் பண்ணுங்க. இங்க நல்ல பேட்டரி ரெண்டு இருக்கு, ஆட்டோவுல ஏத்தி விடுதேன்.”

சாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கிளம்பி வாசலுக்கு வந்துவிட்டார்.

“அம்மா எப்படி இருக்காங்க சார்?”

“அவளா? நல்லாருக்கா. தினமும் காலையில கேக்கேன், நல்லாருக்கேன்னுதான் சொல்லுதா.”

“முதல்ல இருந்தே அப்படித்தான் சொல்லுவாங்களா?”

“எங்க? முதல்ல எல்லாம் அங்க வலிக்கி, இங்க முடியலன்னு ஒரே புலம்பல். நான் பதறிப்போய்ச் சத்தம் போடுவேன். மாத்திரை போட்டியா, கஞ்சி குடிச்சியா, டாக்டர் சொன்னதைக் கேட்டியான்னு. இப்போ அதெல்லாம் இல்ல. தேறிட்டா.”

ஜெபசெல்வி எழுந்து வந்தாள். அந்தச் சின்ன போர்டை அவர் சட்டைப் பையில் போட்டாள்.

“மீட்டர்தான் சரியாயிட்டே. இது எதுக்கு டீச்சர்?”

அவள் போய் உட்கார்ந்து மறுபடியும் பற்றவைக்க ஆரம்பித்திருந்தாள்.

இது என்னடா கூத்து என்று வழியெல்லாம் யோசித்தார் சார். ஒரு மண்ணும் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து பேட்டரியில் மீட்டரை வைத்தார். 11.8. மூன்று தடவை வைத்துப் பார்த்தார். 11.8 தான். உடனே போன் போட்டார். நாலு மணிக்குள் வேறு பேட்டரி வந்துவிடும் என்று பதில் வந்தது. அப்பாடா என்று இருந்தது.

கோமு கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தாள். மூக்கில் குழாய்.

“பையில என்னதுங்க அது?”

சார் போர்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

“இது அஞ்சுன்னா அஞ்சுன்னுதான் சொல்லுமாம். எதிர்ல நிக்கிறவன் பதறினாலும் சரி, சத்தம் போட்டாலும்…”



கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

“எப்படி இருக்கே கோமு?”

“நல்லாத்தான் இருக்கேன்.”

“நான் சத்தம் போடமாட்டேன்.”

அவள் அவரையே பார்த்தாள். போர்டைப் புரட்டிப் பார்த்தாள். மறுபடியும் அவரைப் பார்த்தாள்.

“மூணு வாரமா படுக்க முடியலங்க. மூச்சு முட்டுது. ராத்திரி பூரா உக்காந்தேதான் இருக்கேன். நீங்க எந்திரிக்கிற சத்தம் கேட்டதும் படுத்துக்கிடுவேன்.”